ஆக்ஸ்போர்டில் இரு நாள்

இங்கிலாந்து செல்லும் நம்மவருள் பெரும்பாலோர் இலண்டன் மாநகரைக் கண்டதோடு மனநிறைவு கொள்கின்றனர். அங்கிருந்து புகைவண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அடையக்கூடிய ஆக்ஸ்போர்டு நகரைத் தமிழர் காணாது திரும்புதல் ஆகாது என்பது எங்கள் கருத்து. சென்ற கோடையில் ஒரு சனி, ஞாயிறு விடுமுறையில் நண்பர் குடும்பங்கள் மூன்று ஒன்றுகூடி, குழந்தைகளும் புளியோதரைப் பொட்டலங்களுமாக அங்குச் சென்று வந்தோம்.

ஊர் வேறு, பல்கலைக்கழகம் வேறு என்று அங்கே பிரித்துக் காட்டுதல் எளிதன்று. கடைத்தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வாயில் தோன்றும். உள்ளே எட்டிப் பார்த்தால் பசும்புல் முற்றமும் அதனைச் சூழ்ந்த பழங்கற் கட்டடங்களுமாய் ஒரு கல்லூரி! 1602-இல் திறக்கப்பெற்ற பாட்லியன் நூலகத்தையும், அதன் அருகே வட்டமாய் எழுந்து நிற்கும் இராட்கிளிஃப் மண்டபத்தையும் கண்டோம்.

குழந்தைகளைக் கவர்ந்தது கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் பெரிய மணியே. நாள்தோறும் இரவு 9 மணி 5 நிமிடத்திற்கு அது 101 முறை ஒலிக்கிறது. ஆக்ஸ்போர்டு கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால் அதன் பழைய உள்ளூர் நேரம் ஐந்து நிமிடம் பிந்தியது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்த பின்னரும் மணி தன் பழங்கணக்கை விடவில்லை. எண்ணியவர்களுள் ஒருவன் 99 என்றான், மற்றொருத்தி 103 என்றாள். வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் எங்கள் பேச்சு திருமங்கையாழ்வாரைப் பற்றியதாயிற்று. குடந்தைக்கு அருகிலுள்ள சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் 1957-இல் புகைப்படம் எடுக்கப்பெற்ற அவரது வெண்கலத் திருமேனியை, இவ்வருங்காட்சியகம் 1967-இல் இலண்டன் ஏலத்தில் விலைக்கு வாங்கியது. படமும் சிலையும் ஒத்திருத்தல் பின்னர்த் தெரியவர, அதனை இந்தியாவிடம் திருப்பித்தரப் பல்கலைக்கழகம் 2024-இல் இசைந்தது. கோயிலில் இருந்தது ஏலக்கடைக்கு எவ்வாறு போயிற்று என்று கேட்ட சிறுவனுக்கு விடை கூற எங்களுள் எவருக்கும் நா எழவில்லை.

மறுநாள் பேலியல் கல்லூரி. 1839-இல் பத்தொன்பது வயதில் தென்னாடு வந்து தமிழில் தோய்ந்த ஜி. யு. போப், 1884 முதல் இப்பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார், இக்கல்லூரியிலும் பணிபுரிந்தார். அவரது திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-இல் வெளிவந்தது. திருவாசகத்தையும் மொழிபெயர்க்கலாம், ஆனால் வயதாகிவிட்டதே என்று அவர் தயங்கியபோது, கல்லூரித் தலைவர் ஜோவெட் இம்முற்றத்தில் உடன் நடந்தவாறே, பெரும்பணியொன்று கையிலிருந்தால் ஆயுளும் நீளும் என்று ஊக்கினாராம். ஜோவெட் 1893-இல் மறைந்தார். போப்பின் திருவாசகமோ, அவர்தம் எண்பதாம் பிறந்தநாளன்று, 1900-இல் முற்றுப்பெற்று வந்தது.

இருவரும் துயில்வது புனித செபல்கர் இடுகாட்டில். தம் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்குமாறு போப் கேட்டுக்கொண்டார் என்பது பள்ளியிலும் மேடையிலும் நாம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் செய்தி. குழந்தைகள் ஓடிச்சென்று தேடினர்.

"அப்பா, 'தமிழ் மாணவன்' என்று எங்கே எழுதியிருக்கிறது?"

எங்குமில்லை. அவர் வகித்த பதவிகளும், பிறந்த நாளும் 1908-இல் மறைந்த நாளும் உள்ளன. அவற்றின் கீழே, அவர் வாழ்நாளெல்லாம் கீழைநாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் உழைத்ததைப் போற்றி, குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் இக்கல்லை நாட்டியதாகப் பொறித்திருக்கிறது. எங்கள் மனத்திற்கு இதுவே பெரிதாகப் பட்டது. மாணவன் என்பது அவர் தம்மைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடியது. கல்லோ நம்மவர் அவருக்குச் செய்தது. கடல் கடந்த ஊரில் கிடந்த ஒருவருக்காக இங்கிருந்தோர் நினைந்து செய்த செயலைப் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

நண்பரின் மகள் வடநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள்; தமிழை எழுத்துக்கூட்டியே படிப்பாள். அவள் குறிப்பேட்டைத் திறந்து, "போப் என்பதற்குக் குறிலா, நெடிலா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

இடுகாடு வால்டன் தெருவினின்று பிரியும் குறுகிய சந்தொன்றின் முடிவில் உள்ளது. நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். எளிதில் கண்ணிற் படாத வழியாதலின், செல்வோர் பகலொளியிலேயே செல்க.