பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு ரிப்போர்ட்

பத்தாம் வகுப்பு படிக்கிற பெண். காலைப் பிரேயரில் இன்னும் முதல் வரிசையில்தான் நிற்கிறாள். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் வயதுக்கு வந்தாயிற்று. "உன் பொண்ணுக்கு எப்போ மஞ்சத்தண்ணி?" என்று உறவுக்காரர்கள் கேட்டால், அம்மா பேச்சை மாற்றிவிடுகிறார். அந்த அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், குரோமோசோம் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்று இருக்கிறது. அதில் '45, எக்ஸ்' என்று எழுதியிருக்கிறது. மகளுக்கு அது தெரியாது.

யார் மேலும் குற்றமில்லை

அந்த ரிப்போர்ட் சொல்லும் நிலைக்கு டர்னர் சிண்ட்ரோம் என்று பெயர். 1938-ல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் இதை விவரித்தார். பெண்களுக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ, அதன் ஒரு பகுதியோ இல்லாமல் போவதால் வருவது. பிறக்கும் பெண் குழந்தைகளில் ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. தாய் சாப்பிட்டதாலோ, தாயின் வயதாலோ வருவதில்லை. பரம்பரையாக வருவதும் மிக அரிது. உயரம் குறையும், சினைப்பை சரியாக இயங்காது. சிலருக்கு இதயம், சிறுநீரகம், காது கேட்பதில் கோளாறு இருக்கலாம்.

'மந்தம்' என்று சொல்லாதீர்கள்

பெரும்பாலோருக்கு அறிவுத்திறன் இயல்பாகவே இருக்கும். பலர் நன்றாகப் பேசுவார்கள், விரும்பிப் படிப்பார்கள். கணக்கு, வரைபடம், வழி கண்டுபிடிப்பது போன்றவற்றில்தான் தடுமாற்றம். எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பைப் படிக்கவும் சிலர் சிரமப்படுவார்கள். அதனால் தோழிகள் குறைவு. கூச்சமும் பதற்றமும் அதிகம். ஆள் குள்ளம் என்பதால் பதினெட்டு வயதிலும் "பாப்பா" என்று கன்னத்தைக் கிள்ளுகிறோம். அது அன்புதான். ஆனாலும் அவளுக்கு வலிக்கிறது.

மறைப்பதுதான் பெரிய காயம்

தினமும் இரவில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி. ஏன் என்று யாரும் சொல்லவில்லை என்றால், உண்மையைவிடப் பயங்கரமான ஒன்றைக் குழந்தை தானாகவே கற்பனை செய்துகொள்ளும். இல்லையென்றால் ஒருநாள் கைபேசியில் தேடித் தெரிந்துகொள்ளும். அப்போது உடைவது பெற்றோர் மேல் வைத்த நம்பிக்கை.

வயதுக்கேற்பச் சொல்லுங்கள். ஆறு வயதில், "நீ வளர இந்த ஊசி உதவும்" என்றால் போதும். பத்து, பதினோரு வயதில், பருவமடைய மாத்திரை தேவைப்படும் என்று சொல்லலாம். குழந்தைப்பேறு தானாக அமைவது அரிது என்பதைக் கல்யாணப் பேச்சு வரும்வரை ஒளித்துவைக்காதீர்கள். வளரிளம் பருவத்திலேயே, மருத்துவரோடு உட்கார்ந்து சொல்லுங்கள். தானமாகப் பெற்ற கருமுட்டை, தத்தெடுப்பு என்று வழிகள் உண்டு. ஆனால் கருவுறும் முன் இதயப் பரிசோதனை கட்டாயம்.

காலம் தாழ்த்த வேண்டாம்

பதினொன்று, பன்னிரண்டு வயதில் பருவமடைய உதவும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைந்த அளவில் தொடங்குவதே இன்றைய நடைமுறை. உயரம் கூடட்டும் என்று முன்பெல்லாம் தள்ளிப்போட்டார்கள். தோழிகளோடு சேர்ந்து பருவமடைவது, ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தைவிட அவள் தன்னம்பிக்கைக்கு முக்கியம் என்றே நான் நினைக்கிறேன்.

ஹார்மோன் மருத்துவரிடம் போகும்போது, மனநல ஆலோசகரையும் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். முதலில், இந்த வாரமே, அந்த ரிப்போர்ட்டைப் பீரோவிலிருந்து எடுத்து மகளின் பக்கத்தில் உட்காருங்கள்.