நாற்பது ரூபாய்ச் சீட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் தர்மபுரம் சந்தியில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. லொத்தர் சீட்டு தொங்கிய நினைவு இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரிகூட வராத ஊருக்குச் சீட்டு எங்கே வரும்? பின்னேரம் மர நிழலில் கடதாசி விளையாடுவார்கள், முன்னூற்றிநாலு. காசு வைத்து ஆடப் பயம். வைக்கக் காசும் இல்லை.

இன்று பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் குடைக்குக் கீழே ஒரு பலகை, அதில் கிளிப் போட்ட சீட்டுகள். போன கிழமை தோட்டவேலை முடித்து, கையில் மண் காயாமல் ஒரு அக்கா வந்தார்.

"தம்பி, கும்ப லக்கினம் கிடக்கோ?"

"கிடக்கு அக்கா. இண்டைக்குத்தான் இழுப்பு."

இரண்டு இருபது ரூபாய்த் தாள்கள் கைமாறின. 'லக்ன வாசனா' சீட்டில் குடத்தின் படத்தை மட்டும் பார்த்தார், இலக்கத்தைப் பார்க்கவில்லை. நான்காக மடித்துப் பேர்ஸுக்குள் வைத்தார்.

2022 நடுப்பகுதி வரை அந்தச் சீட்டு இருபது ரூபாய். நாடு வங்குரோத்தான அந்த வருடத்தில்தான் நாற்பதானது. நாளுக்கு ஒன்று வாங்கினால் மாதம் 1,200 ரூபாய். கூலிக்குப் போகிறவருக்கு அது சின்னக் காசில்லை.

தேசிய லொத்தர் சபை 1963-இல் வந்தது. லக்ன வாசனாவை விற்கும் அபிவிருத்தி லொத்தர் 1983-இல் தொடங்கியது. அதன் வருமானம் ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல புலமைப்பரிசிலுக்கும் போகிறது. எங்கள் பிள்ளைகளும் அந்த மகாபொலவில் படித்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இது ஏழையின் கையிலிருந்தே அதிகம் எடுக்கும் வரி. வரி என்று சொல்லாததால் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

கொழும்பில் 2025 ஓகஸ்டில் பெரிய கசினோ விடுதி திறந்தார்கள். சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த அதே வருடம் தனி அதிகார சபைச் சட்டமும் வந்தது. கசினோவுக்குள் போகும் இலங்கையருக்கான கட்டணத்தை 50 டொலரிலிருந்து 100 ஆக்கினார்கள். சொந்தச் சனம் உள்ளே போகக் கூடாதென்று அரசே வேலி போடுகிறது. எங்கள் சந்திப் பலகைக்கு அப்படியொரு வேலி கிடையாது. மாவட்டவாரியாக எவ்வளவு விற்றது, எவ்வளவு திரும்பி வந்தது என்பதையாவது அரசு தமிழிலும் வெளியிட வேண்டும்.

சிறுநீரகத்துக்கோ இருதயத்துக்கோ பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். எங்களுக்கு அது கண்டாவளை. கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்; நாற்பது நாற்பதாக நீங்கள் கட்டிய காசும் அதில் இருக்கிறது.