நாற்று நடுவது உடற்பயிற்சியா?

“உடற்பயிற்சி செய்வீங்களாம்மா?”

“அதெல்லாம் ஏது தம்பி, நமக்கு எங்க நேரம்?”

தஞ்சாவூர்ப் பக்கம் எந்தக் கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலும் அநேகமாக இந்தப் பதில்தான் வரும். சொன்ன அம்மா விடிகாலையில் வயலில் இறங்கி, மதியம் வரை குனிந்த முதுகு நிமிராமல் நாற்று நட்டுவிட்டு, கால் சேற்றைக் கழுவிக்கொண்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருப்பார். கேட்டவர் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டால், அந்த அம்மாவும் உடலுழைப்பு இல்லாதவர் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

பதிலில் பிழையில்லை. கேள்விதான் அவரை நோக்கிக் கேட்கப்பட்டதாக இல்லை. ‘தமிழ்நாட்டில் இத்தனை சதவீதம் பேருக்குச் சர்க்கரை’, ‘இத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு’, ‘பாதிப் பேர் உடம்பை அசைப்பதில்லை’ என்று செய்தித்தாளில் வரும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் இப்படியொரு கேள்வி இருக்கிறது. அதற்கும் பின்னால், யாரோ ஒரு குழு எங்கோ உட்கார்ந்து போட்ட ஒரு கோடு இருக்கிறது.

‘இடர்க் காரணி’ என்ற சொல்லுக்கே அவ்வளவு வயதாகவில்லை. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948இல் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு, யாருக்கு மாரடைப்பு வருகிறது, வருவதற்கு முன் அவர்களிடம் என்ன இருந்தது என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அதிலிருந்து 1961இல் வில்லியம் கேனலும் குழுவினரும் எழுதிய கட்டுரை வழியாகத்தான் இந்தச் சொல் மருத்துவத்தில் நிலைத்தது. இடர்க் காரணி நோயைக் குறிக்கும் சொல் இல்லை. அது இருப்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். ரத்த அழுத்தம் கூடிய எல்லோருக்கும் பக்கவாதம் வருவதில்லை. வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தால் அவர்களில் மிகப் பலருக்கு அழுத்தம் கூடுதலாக இருந்திருக்கிறது.

இதை ஊர் ஊராக அளக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைக்கு ‘ஸ்டெப்ஸ்’ என்று பெயர். மூன்று படி. முதலில் கேள்விகள். அடுத்து உயரம், எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம். மூன்றாவது ரத்தமும் சிறுநீரும். இதே வழியில் 2017-18இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) பெங்களூரு மையம் நாடு முழுக்கத் தொற்றா நோய்க் கண்காணிப்புக் கணக்கெடுப்பை நடத்தியது. தமிழ்நாடு அரசு 2020இல் தனக்கென ஒரு ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பை நடத்தியது. குடும்பநலக் கணக்கெடுப்பு தனி. அது வேறு நோக்கத்துக்காகத் தொடங்கி, பின்னால் சர்க்கரையையும் அழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டது.

ஒரு வாரம் என்றால் எந்த வாரம்?

முறையான ஸ்டெப்ஸ் கேள்வித்தாள் ‘உடற்பயிற்சி செய்வீர்களா’ என்று மொட்டையாகக் கேட்பதில்லை. வேலையில் உழைப்பு, போய்வருவதில் உழைப்பு, ஓய்வு நேரத்தில் ஆட்டமோ பயிற்சியோ என்று மூன்றாகப் பிரிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலை 1 என்று வைத்தால், மிதமான உழைப்பு அதைப்போல 4 மடங்கு, கடின உழைப்பு 8 மடங்கு. இந்த எண்ணை நிமிடங்களால் பெருக்கி, வாரத்துக்கு 600 வந்தால் போதும். வாரம் 150 நிமிடம் வேகமாக நடந்தால் 600 வந்துவிடும்.

நாற்று நடுவதை மிதமான உழைப்பு என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஐந்து மணி நேரம் நட்டால் 300 நிமிடம். 4ஆல் பெருக்கினால் 1,200. ஒரு வாரத்துக்குத் தேவையானதைப்போல் இரண்டு மடங்கை அந்த அம்மா ஒரே காலையில் முடித்துவிட்டார்.

சிக்கல் அடுத்த சொல்லில் இருக்கிறது. ‘வழக்கமான ஒரு வாரத்தில்’ என்று கேட்கிறார்கள். டெல்டாவில் வழக்கமான வாரம் எது? மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவை, பின்னால் சம்பா, தாளடி என்று நடவும் களையும் அறுப்பும் நெருக்கித் தள்ளும். சம்பா அறுப்புக்கு முன் தெளித்த உளுந்தையும் பயறையும் பறித்து முடித்துவிட்டால், சித்திரையில் வயல் வெடித்துக் கிடக்கும். நூறு நாள் வேலை இருந்தால் உண்டு. ஆடியில் கேட்டால் ஒரு பதில், சித்திரையில் கேட்டால் வேறு பதில், இரண்டும் உண்மை. போதாக்குறைக்கு நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து, மூன்று வருடத்துக்கு முன் உண்மையாக இருந்ததையும் மாற்றிக்கொண்டிருக்கின்றன. நாடு தழுவிய கணக்கெடுப்பில் 41.3 சதவீதம் பேருக்கு உடலுழைப்பு போதவில்லை என்று வந்தது. டெல்டாவைப் பொறுத்தவரை அந்த எண்ணின் பக்கத்தில் மாதத்தையும் அச்சிட வேண்டும் என்பேன்.

நம் பக்கத்திலேயே வேறொரு அளவுகோல் உண்டு. சென்னை டாக்டர் வி. மோகனும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் வயது, இடுப்பளவு, உழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கை மட்டும் கேட்கிறது. இதில் உடற்பயிற்சியும் கடின உழைப்பும் ஒரே தட்டில். இரண்டும் இருந்தால் 0, ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. நம் நடவு அம்மாவுக்கு 52 வயது, அதற்கு 30. உழைப்பு மட்டும் உண்டு, 20. இடுப்பு 82 சென்டிமீட்டர், 10. அவருடைய தாய்க்குச் சர்க்கரை இருந்தது, 10. கூட்டினால் 70. அறுபதைத் தொட்டாலே அதிக இடர். அவ்வளவு உழைத்தும் தப்பவில்லை. வயதும் பரம்பரையும் சேற்றில் கரைவதில்லை.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

மதுவைக் கேட்பது இன்னும் நுட்பம். ‘குடிப்பீங்களா’ என்றால் ‘எப்பவாச்சும்’. ‘எவ்வளவு’ என்றால் ‘ஒரு குவார்ட்டர்தான்’. அந்த ‘தான்’ எல்லாவற்றையும் சிறிதாக்கிவிடும். கணக்கெடுப்பு பாட்டிலை எண்ணாது, அலகை எண்ணும். ஓர் அலகு என்றால் 10 கிராம் தூய ஆல்கஹால். டாஸ்மாக்கில் விற்கும் 180 மி.லி. குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையாக மாற்றினால் ஏறத்தாழ 61 கிராம். அதாவது ஆறு அலகு. கடந்த 30 நாளில் ஒரே தடவையில் ஆறு அலகோ அதற்கு மேலோ குடித்தவரை மிகைக்குடியர் என்று ஸ்டெப்ஸ் வரையறுக்கிறது. ‘ஒரு குவார்ட்டர்தான்’ என்றவர் சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்கிறார். பாதியைக் கட்டிங்காகப் பகிர்ந்துகொண்டவர் கோட்டுக்குக் கீழே.

இதே குவார்ட்டரை அமெரிக்காவுக்குக் கொண்டு போங்கள். அங்கே 1984இல் பதினைந்து மாநிலங்களில் தொடங்கி இன்றுவரை தொலைபேசியிலேயே நடக்கும் பெரிய நடத்தைக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. அதில் ஓர் அலகுக்கு 14 கிராம். ஆணுக்கு ஐந்து அலகு, பெண்ணுக்கு நான்கு அலகு என்று எல்லை. நம் குவார்ட்டர் அங்கே நான்கு அலகுக்குச் சற்று மேல். ஸ்டெப்ஸ் கோட்டில் மிகைக்குடியரான ஆண், அமெரிக்கக் கோட்டில் ஆவதில்லை. கல்லீரலுக்கு இந்த எல்லைப் பிரச்சினை தெரியாது.

புகையிலையிலும் இதே கதை. அமெரிக்கக் கணக்கில் ஒருவரைப் புகைப்பவர் என்று சொல்ல, வாழ்நாளில் நூறு சிகரெட்டாவது பிடித்திருக்க வேண்டும், இப்போதும் பிடிக்க வேண்டும். பீடிக்கும் மூக்குப்பொடிக்கும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக் காம்புக்கும் அந்த அளவுகோல் எதற்கு ஆகும்? அதனால்தான் 2016-17இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இங்கே நடத்திய உலகப் புகையிலைக் கணக்கெடுப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டது. இந்தியாவில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாக வந்தது.

இதிலும் நழுவுகிறவர்கள் உண்டு, அதுவும் நம் ஊரில்தான் அதிகம் நழுவக்கூடும். கும்பகோணம் கொழுந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் பாக்கு வைத்து, புகையிலை இல்லாமல் நாள் முழுக்க மெல்லும் பாட்டியை எந்தப் பெட்டியில் போடுவது? ‘புகையிலை உண்டா’ என்ற கேள்விக்கு அவர் நேர்மையாக ‘சீ, இல்லை’ என்பார். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதே என்று 2004இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. கல்யாணத் தாம்பாளத்தில் வைப்பதை யாரும் பழக்கம் என்று நினைப்பதில்லை. கேட்டால்தான் வரும், பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும்.

மூன்று அளவுகோல், மூன்று சர்க்கரை

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது சர்க்கரைத் தலைப்புகள்தான். 2011இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் (INDIAB) ஆய்வு தமிழ்நாட்டில் 10.4 சதவீதம் என்றது. 2020 ஸ்டெப்ஸ் 17.6 என்றது. இதை ஒட்டி வந்த ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்போ பெண்களில் 20.7, ஆண்களில் 22.1 என்றது. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பத்து வருடத்தில் இரட்டிப்பு. கோடு போட்டு வரைபடமும் வெளியிடலாம், வெளியிட்டும் விடுகிறோம்.

மூன்றும் மூன்று அளவுகோல். முதல் ஆய்வு வெறும் வயிற்றில் ஒரு தடவையும், குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவையும் விரல் குத்திப் பார்த்தது. ஸ்டெப்ஸ் முறை வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்க்கும். 126 தொட்டாலோ, மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ கணக்கில் வருவார். குடும்பநலக் கணக்கெடுப்பு எந்த நேரமானாலும் விரலைக் குத்தும். 140ஐத் தாண்டினால் ‘ரத்தத்தில் சர்க்கரை அதிகம்’. அது நீரிழிவு என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இலை நிறையச் சோறு சாப்பிட்டு, மேலே ஒரு டிகிரி காபியும் குடித்த நல்ல உடம்புக்காரருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் 140 தாண்டக்கூடும். அறிக்கையில் ‘அதிகம்’ என்று இருப்பது செய்தி மேசைக்கு வந்ததும் ‘நோய்’ ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டில் சர்க்கரை கூடியிருப்பது மெய். எவ்வளவு கூடியது என்பதை இந்த மூன்றையும் கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கோட்டை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 சாட்சி. அமெரிக்க இதய மருத்துவர்கள் ரத்த அழுத்த எல்லையை 140/90இலிருந்து 130/80க்கு இறக்கினார்கள். அந்நாட்டில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர் ஏறத்தாழ 32 சதவீதத்திலிருந்து 46 ஆனார்கள். ஒரே இரவில் யாருக்கும் அழுத்தம் ஏறவில்லை. உடல் பருமனிலும் அப்படியே: 152 சென்டிமீட்டர் உயரம், 55 கிலோ எடையுள்ள பெண்ணின் உடல் நிறை எண் 23.8. உலகக் கோடு 25 என்பதால் அவர் சரியான எடை. ஆசியர்களுக்கு இடர் 23இலேயே தொடங்குகிறது என்று 2004இல் நிபுணர் குழு சொன்ன கோட்டின்படி கூடுதல் எடை.

சில கோடுகள் யாரையும் பிரிக்காது. நாளுக்கு 400 கிராம் காய்கனி என்ற அளவை எட்டாதவர் தேசியக் கணக்கெடுப்பில் 98.4 சதவீதம். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் சேராது. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டு எத்தனை கிராம் என்று யார் நிறுப்பது? ஊரே இடரில் என்றால் அந்தக் கேள்வி தனிமனிதரைப் பற்றிச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. சந்தை விலையைப் பற்றித்தான் சொல்கிறது. உப்பில் மட்டும் வாய்ச்சொல்லை நம்புவதில்லை. பழைய சோற்றுக்கு மோர்மிளகாய், ஊறுகாய், ஒரு துண்டு கருவாடு என்றால் எத்தனை கிராம் என்று நமக்கே தெரியாது. சிறுநீரைச் சோதித்துக் கணிக்கிறார்கள். நாட்டின் சராசரி நாளுக்கு 8 கிராம். பரிந்துரை 5க்கும் கீழே.

இவ்வளவு ஓட்டைகள் இருந்தும் இந்தக் கணக்கெடுப்புகள் ஏன் வேண்டும்? அளவுகோல் கொஞ்சம் கோணலாகவே இருக்கட்டும், அதே கோலால் மறுபடி அளந்தால் வித்தியாசம் பேசும். 2020 ஸ்டெப்ஸில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டும்; சர்க்கரையில் 10.8. நூறு பேரில் ஏறத்தாழத் தொண்ணூறு பேருக்குக் கைவிட்ட நிலை என்று அந்த இரண்டு எண்கள்தான் காட்டிக்கொடுத்தன. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. அடுத்த சுற்று ஸ்டெப்ஸில் அழுத்தக் கட்டுப்பாடு 17 சதவீதம், சர்க்கரைக் கட்டுப்பாடு 16.7. இன்னும் ஆறில் ஐந்து பேர் கோட்டுக்கு வெளியேதான். ஆனாலும் இந்த ஒப்பீட்டை நம்பலாம், கோல் ஒன்று என்பதால். 18 முதல் 69 வயது வரைதான் இந்தக் கோல் அளக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எழுபதைத் தாண்டியவர்கள் இந்தச் சதவீதத்தில் எங்கும் இல்லை.

உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் டேப்லெட்டும் எடை இயந்திரமுமாக யாராவது வரலாம். வீட்டில் இருப்பவர்களில் ஒருவரை அந்தக் கருவியே தேர்ந்தெடுக்கும். அவர் திருப்பூர் போயிருக்கிறார், என்னைக் கேளுங்கள் என்று சொல்லாதீர்கள், வரும் தேதியைச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் என்றால் காபியும் வேண்டாம். வயலிலிருந்து வந்த வேகத்தில் கையை நீட்டாமல் கால் மணி நேரம் உட்காருங்கள். மூன்று தடவை அழுத்தம் பார்த்து முதலாவதை அவர்களே கழித்துவிடுவார்கள். குவார்ட்டரைக் குவார்ட்டர் என்றே சொல்லுங்கள், ‘தான்’ வேண்டாம். உடற்பயிற்சி உண்டா என்று கேட்டால், நடவுக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள்.