பீச்சுதலும் சொரிதலும்

கொங்கு நாட்டில் மாடு கறத்தலைப் ‘பால் பீச்சுதல்’ என்பர். உள்ளே நிற்கும் திரவத்தை அழுத்தித் தாரையாக வெளியேற்றுதல் இவ்வினையின் பொருள். ‘பீய்ச்சு’ என்பது வழக்கில் நீண்ட வடிவம். சிறுவர் கையாளும் பீச்சாங்குழலின் பெயர் இதனடியாகப் பிறந்தது. அண்டைச் சொற்கள் பிதுக்கு, துருத்து என்பன. பிதுக்குதலுக்குத் தாரை வேண்டுவதில்லை. துருத்துதலில் பொருள் வெளியே தள்ளி நிற்கும், நீங்கிப் போகாது. மூன்றிலும் பொதுவாயிருப்பது வலிந்து தள்ளும் விசை.

காரமடை அரங்கநாதன் தலவரலாற்றில் பசுவொன்று காரைப் புதரின்மேல் நாள்தோறும் பால் பொழிகிறது. அங்கே ‘பீச்சிற்று’ என்றால் கொங்கு வழக்குக்கு ஒவ்வாததாகத் தோன்றாது. ஆயினும் மடியைப் பற்றிய கை அங்கில்லை. ‘சொரிந்தது’ என்பதே தகும். இது வெறும் சொல்வழக்கு அன்று, ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலையைத் தொடுவது.

ஆண்டாள் திருப்பாவையில் பல இடங்களில் பாலைப் பேசுகிறாள். பன்னிரண்டாம் பாட்டில் எருமை கன்றை நினைத்த மாத்திரத்தில், கறப்பாரின்றியே, பால் சோர்கிறது. கறவாமைக்குக் காரணம், அவ்வீட்டுப் பிள்ளை இளையபெருமாளைப் போலக் கண்ணனை விட்டு அகலாமையே என்பது பூர்வர்கள் நிர்வாஹம். மடியில் தரிக்கமாட்டாமல் தானே பெருகும் அப்பாலே எம்பெருமானுடைய நிர்ஹேதுக க்ருபைக்கு நல்ல த்ருஷ்டாந்தம். வடமொழியாளரும் கறத்தலைத் ‘தோஹநம்’ என்றும், வாத்ஸல்யத்தால் தானே சுரந்து ஒழுகுவதைப் ‘ப்ரஸ்நவம்’ என்றும் பிரித்தே வழங்குவர். இருபத்தொன்றாம் பாட்டிலோ ஏற்ற கலங்கள் மீதூர்ந்து வழியப் பசுக்கள் சொரிகின்றன.

மூன்றாம் பாட்டு ஒன்றே இடையூறு போலத் தோன்றும்; அங்கே முலையைப் பற்றும் கை உண்டு. ஆனால் அவள் இட்ட சொல் ‘வாங்க’ என்பது. வாங்குதலுக்கு இழுத்தல் என்றும் பொருளுண்டு, பெறுதல் என்றும் பொருளுண்டு. குடத்தை நிறைக்கும் வினைக்கு எழுவாய் பசுவேயன்றிக் கறப்பவன் அல்லன். அதனாலேயே பசுக்களை வள்ளல் என்கிறாள். பீச்சினால் வருவதை வள்ளன்மை என்று யார் சொல்லுவார்? சேதநன் கையை நீட்டுவது பேற்றை ஏற்றுக்கொள்வதாமத்தனை. அருளைப் பிழிந்தெடுக்கும் உபாயமாகாது.

அப்படியாகில் காரமடை மாசித் தேர்த்திருவிழாவில் அடியார்கள் தோற்பையில் நீர் சுமந்து செய்யும் தண்ணீர் சேவைக்கும், சித்திரையில் மதுரைக்கு எழுந்தருளும் அழகர்மேல் துருத்தியால் நீர் பீச்சுதற்கும் என் சொல்வது? அங்கு விசையெல்லாம் அடியார் கையிலுள்ளது. எம்பெருமானிடமிருந்து ஒன்றைப் பெறுதற்கன்று, அவன் திருமேனி குளிர்தற்கு. கைங்கர்யத்தில் முயற்சி குற்றமன்று. அதிலும் அளவு உண்டு. விசை மிகுந்தால் திருமேனிக்கும் திருவாபரணங்களுக்கும் ஊறு நேரும். அழுத்த விசைக்குழாய்களை விலக்கித் தோற்றுருத்தியையே கொள்ளவேண்டும் என்ற கட்டுப்பாடு அண்மைக் காலத்தில் மதுரையில் வந்திருக்கிறது.