பாறைமேல் ஒரு கள்ளிமுளையான்

அன்னாசிக்கும் நம்ம ஊர் கள்ளிமுளையானுக்கும் உறவு கிடையாது. அன்னாசியின் குடும்பத்தார் ஏறக்குறைய எல்லாருமே அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள். கள்ளிமுளையானோ எருக்கின் பங்காளி. ஆனாலும் வறட்சியைச் சமாளிக்க இரண்டுக்கும் ஒரே தந்திரம்: பகல் வெயிலில் தோலிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் மூச்சு வாங்கும்.

மதுரையைச் சுற்றியுள்ள பாறைக் காடுகளில், முள்ளில்லாமல் விரல் விரலாக முளைத்து நிற்கும் செடி கள்ளிமுளையான். ஆடு மேய்ப்பவர்கள் பசிக்கும் தாகத்துக்கும் ஒடித்துத் தின்பார்கள். வீட்டில் துவையல் அரைப்பதும் உண்டு, புளிப்பு தூக்கலாக.

அந்தப் பசியடக்கும் குணமே அதற்கு வினையானது. உடல் மெலியும் மாத்திரைகளில் அதன் சாறு உலகமெங்கும் போகிறது. நுனியை ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால் என்ன மிஞ்சும்? பாறையையே வெட்டி எடுத்துவிட்டால் துளிர்க்க இடமும் இல்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அதே வட்டாரத்து அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. இரண்டே வருடத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அதன் பெயரும் வந்தது. ஊர் திரண்டு எதிர்த்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.