அந்நிய நாட்டில் ஆங்கிலம் போதிக்க

வீட்டிலே தமிழ், தெருவிலே ஹிந்தி, பள்ளியிலே கட்டாயமாகப் பயின்ற மராத்தி, அவற்றின்மேல் பாடமொழியாகிய ஆங்கிலம் என்று நான்கு பாஷைகளுக்கிடையே மும்பையின் செம்பூரில் வளர்ந்த பெண்ணொருத்தி, பி.எட். பட்டமும் சில வருஷ அநுபவமும் பெற்று, வளைகுடா நாட்டுப் பள்ளியொன்றின் ஆங்கில ஆசிரியைப் பதவிக்கான நேர்முகத்துக்கு ஆயத்தமாகும்போது, அவள் மனத்தை முதலில் வாட்டுவது தன் உச்சரிப்பைப் பற்றிய சங்கோசமே. அந்தச் சங்கோசம் அநாவசியமானது என்பது எமது உறுதியான அபிப்பிராயம்.

நம் ஆசிரியர்கள் கடல் கடந்து ஆங்கிலம் போதிப்பது புதிதன்று. ஹெய்லி செலாஸி சக்கரவர்த்தியின் காலத்து எத்தியோப்பியாவிலும், எண்ணெய் வருமானத்தால் பள்ளிகள் பெருகிய எழுபதுகளின் நைஜீரியாவிலும் அவர்கள் திரளாகப் பணிபுரிந்தனர். மாலத்தீவின் சின்னஞ்சிறு தீவுகளில் இன்றும் தமிழ்நாட்டு, கேரள ஆசிரியர்களைக் காணலாம்.

இக்காலத்தில் பெரும்பாலும் கணினித் திரையிலேயே நடைபெறும் நேர்முகத்தில், படிப்பையும் அநுபவத்தையும் விசாரித்தபின், தேர்வாளர் சாதாரணமாகத் தோன்றும் ஓர் இலக்கண வினாவை எழுப்புவதுண்டு. 'ஐ லாஸ்ட் மை கீ' என்பதற்கும் 'ஐ ஹாவ் லாஸ்ட் மை கீ' என்பதற்கும் உள்ள பேதத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவீர்கள் என்பது அத்தகைய வினா. காலங்களின் பெயர்களை மனப்பாடமாக ஒப்புவிப்பவரைக் காட்டிலும், பூட்டிய கதவின் முன் நிற்பதுபோல் நின்று, பையைத் துழாவிக் காட்டி, "இப்போது என்னிடம் சாவி இருக்கிறதா?" என்று பிள்ளைகளையே கேட்பேன் என்பவரே மதிப்புப் பெறுவார். முதல் வாக்கியம் நடந்துபோனதை மாத்திரம் சொல்ல, இரண்டாவது வாக்கியம் அந்த நஷ்டம் இந்த க்ஷணத்திலும் நீடிப்பதைச் சொல்கிறது என்பதை அந்த ஒரு கேள்வியே விளங்கவைத்துவிடும். அடுத்து வரும் 'டெமோ' எனும் மாதிரி வகுப்பிலும் கவனிக்கப்படுவது இதுவே: ஆசிரியர் எவ்வளவு பேசினார் என்பதல்ல, மாணவர்களை எவ்வளவு பேசவைத்தார் என்பது. ஆங்கில ஆசிரியர்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ்ப் பயிற்சி 120 மணி நேரத்தில் ஆறு மணி நேரத்தை நிஜமான மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே ஒதுக்குவதும் இக்காரணத்தினாலேதான்.

ஆங்கிலத்தைப் பிரயாசைப்பட்டுக் கற்றவருக்கு இங்கே ஒரு சிறப்பு உண்டு. அரபு மொழியில் 'பந்து' என்பதன் முதலொலி கிடையாது. 'அம்பு' என்பதில் வரும் பகர ஒலி மட்டுமே உண்டு. ஆதலால் அரபுப் பிள்ளை அவ்விரண்டையும் ஆங்கிலத்தில் ஒன்றாகக் குழப்புவது இயல்பு. அவ்விரு ஒலிகளுக்கும் ஒரே எழுத்தை எழுதி வளர்ந்த தமிழருக்கு அக்குழப்பம் நன்கு தெரிந்த விஷயம். உதட்டெதிரே காகிதத் துண்டைப் பிடித்து, மூச்சில் அது அசைகிறதா என்று பார்க்கச் செய்யும் எளிய உபாயத்தை நேர்முகத்தில் விவரிப்பவர், தம் உச்சரிப்புக்காக மன்னிப்புக் கோர வேண்டியதில்லை.

ஆயினும் திறமையைப் பாராமலே அடைபடும் கதவுகளும் உள்ளன என்பதை வருத்தத்தோடு சொல்லியாக வேண்டும். தென் கொரியா ஆங்கில போதனைக்கான விசாவை அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஏழு நாட்டுப் பிரஜைகளுக்கே பொதுவாக வழங்குகிறது. 2010 ஜனவரியில் அமலுக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தத்தின் மூலமே தகுதியுள்ள இந்திய ஆசிரியர்களுக்கு ஒரு வழி திறந்தது. கடவுச்சீட்டைக் கொண்டு போதனா சக்தியை நிர்ணயிப்பது அநியாயம்.

பத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் பட்டம் பெற்றுச் செம்பூரில் குடியேறியவர், ஐக்கிய அரபு எமிரேட்ஸ் செல்வதாயின், பட்டத்துக்குரிய மாநிலச் சான்றொப்பத்தைத் தமிழ்நாட்டிலேயே பெற்று, பின்னர் நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும், அதன்பின் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் பெற வேண்டும். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு ஏஜெண்ட், 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர வேறு கட்டணம் வசூலிக்கலாகாது. லட்சங்களைக் கேட்பவரிடம் மேற்கொண்டு பேசாதிருப்பதே விவேகம்.

நேர்முகத்தின் இறுதியில் "நீங்கள் கேட்க விரும்புவது உண்டா?" என்று வினவும்போது, மரியாதையை நினைத்து மௌனமாய் இருந்துவிடலாகாது. வாரத்துக்கு எத்தனை வகுப்புகள், குடியிருப்புச் செலவு யாருடையது, விடுமுறைக்கு விமானச் சீட்டு உண்டா, புறப்படுமுன் கையில் கிடைப்பது வேலை விசாவா சுற்றுலா விசாவா என்பவற்றை அப்போதே தெளிவாய்க் கேட்டு, பதில்களை எழுத்திலும் பெற்றுக்கொள்ள வேண்டும்.