துறைமுகத்து குமாஸ்தா

புழல் காவாங்கரையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். சென்னைத் துறைமுகம் என்றால் அவர்களுக்கு கேட், டிரெய்லர், விடிய விடிய வரிசை. அதே துறைமுகத்தின் கணக்குப் பிரிவில்தான் 1912 மார்ச் 1 அன்று, மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணித மேதை ராமானுஜன் வேலைக்குச் சேர்ந்தார் என்று சொல்லும்போது எனக்கே மெய்சிலிர்க்கும்.

அவர் கணக்கின் அருமையைக் காட்ட வட்டம் பாடத்திலிருந்து தொடங்குவேன். அதில் 22/7 வருகிறதல்லவா? வட்டத்துக்கு உள்ளும் புறமும் 96 பக்கப் பலகோணம் வரைந்து, பை-யின் மதிப்பு 22/7-ஐவிடக் குறைவு, 223/71-ஐவிட அதிகம் என்று நிறுவியவர் கிரேக்க மேதை ஆர்க்கிமிடீஸ்.

அடுத்து கால்குலேட்டரை எடுக்கச் சொல்வேன். 2143-ஐ 22-ஆல் வகு. வர்க்கமூலம் போடு. இன்னொரு முறை போடு. 3.14159265... எட்டு தசம இடம் அப்படியே சரி! ராமானுஜன் 1914-ல் வெளியிட்ட கட்டுரையில் உள்ளது இது. வகுப்பே ஒரு கணம் வாயடைத்துப் போகும்.

காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டவர் அவர். மேலதிகாரி நாராயண ஐயரே கணிதம் அறிந்தவர். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். அப்படி ஒரு அலுவலகம் வாய்த்தது பெரும் பேறு. 1913 ஜனவரியில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜனின் கடிதம் போனது; 1914 மார்ச் 17-ல் சென்னையிலிருந்து அங்கே கப்பல் ஏறினார்.

கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் அவருக்கு அருங்காட்சியகம் அமைத்தது நம் ராயபுரத்தில்தான்.